மூலமும் உரையும்: கிடார் தொனியின் இறுக்கம் குறித்து

மின்கிடார் வாசிப்பவர்களிடையே பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர் தரும் தொனி போதிய இறுக்கத்துடன் இல்லை என்று தோன்றினால் என்ன செய்வது? அதன் பெட்டியைத் திறந்து மின்சுற்றிலுள்ள உறுப்புகளையே மாற்றிவிடலாம் என்பது ஒரு கட்சி. காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு பெட்டியை, அதாவது பெடலை, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இணைத்தாலே போதும் என்பது மறு கட்சி. இலக்கியம் பேசும் இடத்தில் இந்த வழக்குக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒருவர் செய்து முடித்த ஆக்கத்தில் இன்னொருவர் கைவைக்கலாமா, வைத்தால் எந்த எல்லை வரை என்ற கேள்வி நமக்குப் புதியதல்ல. இங்கே அதே கேள்வி பாடபேதத்துக்குப் பதிலாக மின்தேக்கியின் வடிவில் வந்து நிற்கிறது, அவ்வளவே.

எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெடலில் தொடங்குவதே முறை. ஆம்ப்ளிஃபயரைத் திறப்பது, பெடல் கற்றுத்தரும் பாடத்தை முழுதாகக் கற்று முடித்தவர்கள் மட்டும், அதுவும் தகுந்த ஆம்ப்ளிஃபயரில் மட்டும் செய்யத்தக்கது. இதற்கான காரணங்கள் பழமைப்பற்றிலிருந்து வருபவை அல்ல. ஒலி எப்படிச் சிதைகிறது என்பதிலிருந்தும், இதுவரை நடந்தவற்றிலிருந்தும் வருபவை.

முதலில் இறுக்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். கனமான ராக் இசையில் வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமுக்கிக்கொண்டு அடித்தந்திகளை வேகமாக மீட்டுவார்கள். ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகத் தொடங்கி, தனித்தனியாக முடிந்தால் அது இறுகிய தொனி. ஒரு மீட்டலின் வால் அடுத்ததன் தலையில் ஏறி, சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல் கேட்டால் அது தளர்ந்த தொனி. இதில் உரத்த ஒலி, மெல்லிய ஒலி என்ற பேதம் இல்லை. சிதைவு எவ்வளவு என்பதும் முக்கியமில்லை. சிதைவுக்குள் போகும்போது கீழ்ஸ்தாயி எவ்வளவு இருந்தது என்பதே முக்கியம்.

கிடாரின் அடித்தந்தி திறந்த நிலையில் எழுப்பும் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். தடித்த தந்தி நெடுந்தூரம் அதிர்வதால் அது அனுப்பும் மின்குறி வலுவானது. வால்வு ஓர் எல்லைக்கு மேல் பெருக்க முடியாமல் அலையின் முகட்டை வெட்டிவிடும். நாம் டிஸ்டார்ஷன் என்று ரசிப்பது இந்த வெட்டைத்தான். வலுவான கீழ்ஸ்தாயி அலை அந்த எல்லையை முதலில் சென்று முட்டினால், அதன் மேல் ஏறிச் செல்லும் நுண்ணிய மேலொலிகளும் சேர்ந்தே வெட்டுப்படுகின்றன. போதாததற்கு, இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகச் சிதையும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. 82 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான 123 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் அடியில் 41 ஹெர்ட்ஸ் ஒன்று முளைக்கிறது. அளவோடு இருந்தால் அதுதான் ராக் கிடாரின் கனம். அளவு மீறினால் அதுதான் சேறு.

ஆகவே விதி எளியது. கீழ்ஸ்தாயியைச் சிதைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்; வேண்டுமென்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். புதிதாக வாசிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் உள்ள 'பாஸ்' குமிழைத் திருகிப் பார்த்து ஏமாந்துபோவதன் காரணம் இதில் இருக்கிறது. மார்ஷல் வகை ஆம்ப்ளிஃபயர்களில் அந்தக் குமிழ் முன்பெருக்கி வால்வுகளுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது. அங்கே குறைத்தால் ஒலி மெலியுமே தவிர இறுகாது. குழம்பில் கரைந்துவிட்ட உப்பை இறக்கி வைத்த பின் பிரித்தெடுக்க முடியாதல்லவா?

இந்த விதியை ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயே நிறைவேற்றலாம் என்பவர்களின் வாதம் வலுவானது, ஏனென்றால் சரித்திரம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்ளிஃபயர், அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் பாஸ் கிடாருக்காகச் செய்த பாஸ்மேன் என்பதன் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. பாஸ் கிடாருக்கானது என்பதால் அதன் முதல் வால்வின் கேத்தோடில் 250 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தது; எவ்வளவு தாழ்ந்த ஸ்வரமானாலும் முழுப் பெருக்கம் கிடைக்கும். 1960களின் பிற்பகுதியில் வந்த மார்ஷல் சூப்பர் லீட் மாதிரியின் ஒரு சானலில் அதே இடத்தில் 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 2,700 ஓம் மின்தடையும் வந்து அமர்ந்தன. மின்தேக்கியின் அளவு முந்நூறு மடங்குக்கும் மேல் சுருங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அடித்தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கட்டத்தில் கிடைக்கும் பெருக்கம் மேல் ஸ்வரங்களுக்குக் கிடைப்பதில் சுமார் பாதிதான். ராக் கிடாரின் உறுமல் என்று உலகம் இன்று அறியும் ஒலியின் ஒரு பகுதி, விரல் நுனியளவு உறுப்பு ஒன்றின் மாற்றத்தில் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ரண்டால் ஸ்மித் என்பவர் ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து, பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் பொருத்தினார். கார்லோஸ் சந்தானா அதை வாசித்துப் பார்த்துச் சொன்ன பாராட்டிலிருந்தே 'பூகி' என்ற பெயர் வந்தது. மேசா பூகி நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது. ஆக, மாற்றியமைத்தலே பாவம் என்று சொல்பவர் மார்ஷலையும் பூகியையும் சேர்த்தே தள்ளிவைக்க வேண்டியிருக்கும். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் ஐயம் அடுத்த தலைமுறையில் நடந்ததைப் பற்றியது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் லாஸ் ஏஞ்சலஸில் ஹோசே அரெடோண்டோ போன்ற கைதேர்ந்த தொழில்நுட்பர்கள் மார்ஷல்களைத் திறந்து, கூடுதல் பெருக்கமும் மாஸ்டர் வால்யூமும் சேர்த்துத் தந்தார்கள். அவர்களின் திறமை பற்றி ஐயமில்லை. ஆனால் அந்த ஒலியைக் கேட்டவர்கள் பெட்டிக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினார்கள். எடி வான் ஹேலனின் 1978ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைக் கேட்ட பலர் அவருடைய மார்ஷலுக்குள் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் உட்சுற்று ஏறக்குறைய தொழிற்சாலையில் செய்தபடியே இருந்தது என்பதும், வேரியாக் என்னும் கருவியால் அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சுமார் 90 வோல்ட்டுக்குக் குறைத்து அவர் வாசித்தார் என்பதும் பின்னால் தெளிவாயின. பெட்டிக்குள் தேடப்பட்டதில் பெரும்பங்கு அவருடைய விரல்களில் இருந்தது.

அப்படி மாற்றப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 1984 ஜனவரியில் பாஸ்டனில் மெட்டாலிக்கா குழுவின் கருவிகள் களவுபோயின. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் மாற்றியமைக்கப்பட்ட மார்ஷலும் அதில் போயிற்று. அந்த இழப்பின் துயரமும் 'ஃபேட் டு பிளாக்' பாடலுக்குள் சென்றது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் 1987ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்ததும் மாற்றியமைக்கப்பட்ட ஒரு மார்ஷலில்தான். ஆனால் அது வாடகைக்கு எடுத்தது. அவரிடமிருந்து அது நழுவிப்போயிற்று. அந்த ஒலியை மீண்டும் எழுப்புவதற்கென்றே மார்ஷல் நிறுவனம் பல ஆண்டுகள் கழித்து அவர் பெயரில் தனி மாதிரி ஒன்றை வடிவமைக்க வேண்டியிருந்தது. ஒரே பிரதியாக எழுதப்பட்ட சுவடியின் கதி இது. போனால் போனதுதான்.

இனி மறு கட்சி. பெடலால் கீழ்ஸ்தாயியைக் குறைப்பது நேற்று வந்த யுக்தி அல்ல. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் டல்லஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டர் ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட எளிய பெட்டி. அதன் நுழைவாயிலில் இருந்த மின்தேக்கி மிகச் சிறியது; அடிஸ்வரங்கள் அதைத் தாண்டிச் செல்லத் திணறும். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி தம் லேனி ஆம்ப்ளிஃபயரின் முன்னால் அதைத்தான் வைத்தார். ஹெவி மெட்டலின் தொடக்கமாகக் கருதப்படும் 1970ஆம் ஆண்டு இசை, கீழ்ஸ்தாயியை முன்கூட்டியே குறைத்ததால் கனம் பெற்ற இசை. குறைத்ததால் கனம் என்பது முரணாகத் தோன்றினாலும், மேலே சொன்ன விதியை நினைவில் கொண்டால் அதில் விந்தை இல்லை.

இன்று இந்தப் பணிக்கு உலகெங்கும் பயன்படுவது ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் பச்சைப் பெடலும் அதன் எண்ணற்ற வாரிசுகளும். ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்த இதன் டிஎஸ்808 மாதிரி 1970களின் இறுதியில் வெளிவந்தது. அதன் பெருக்கும் கட்டத்தில் 4,700 ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் ஒரு வரம்பு கட்டுகின்றன. அதற்கு மேலே முழுப் பெருக்கம். கீழே இறங்க இறங்கப் பெருக்கம் தேய்கிறது. 'டிரைவ்' குமிழை முற்றிலும் குறைத்தாலும் மேல் ஸ்வரங்களுக்கு ஏறத்தாழ 12 மடங்கு பெருக்கம் இருக்கிறது. 82 ஹெர்ட்ஸுக்கோ அந்தக் கட்டத்தில் 2 மடங்குகூடக் கிடைப்பதில்லை. மெட்டல் வாசிப்பவர்கள் 'டிரைவ்' குமிழைப் பூஜ்யத்திலும் 'லெவல்' குமிழை உச்சத்திலும் வைத்து, ஏற்கெனவே சிதைவு மிகுந்த ஆம்ப்ளிஃபயரின் முன்னால் இதை நிறுத்துவதன் பொருள் இதுதான். பெடல் இங்கே சிதைவுக்காக அல்ல, வடிகட்டுவதற்காக. 1990களில் புகழ்பெற்ற மேசா டூயல் ரெக்டிஃபயரின் பரந்த அடியொலியைப் பலரும் இப்படித்தான் கட்டி இழுத்தார்கள்.

உரைக்கும் இடைச்செருகலுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பரிமேலழகர் உரை ஒப்பாதவர் மணக்குடவரிடம் போகலாம்; குறள் தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. கம்பராமாயணத்தில் வெள்ளி பாடல்கள் கலந்த பிறகு, எது கம்பர் எது பிறர் என்று பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் எத்தனை பாடுபட வேண்டியிருந்தது! பெடல் ஓர் உரை. மிதித்தால் பேசும், மீண்டும் மிதித்தால் மௌனமாகி மூலத்தைக் காட்டும். மாற்றியமைத்தல் மூலத்துக்குள் நுழைவது. நன்றாகவும் நுழையலாம், ஆனால் திரும்பி வரும் வழியை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எதிர்வாதங்களையும் மறைக்காமல் வைப்போம். பெடலின் பெரிய குறை அதன் சுவை எல்லோருக்கும் ஒன்றாகிவிடுவது. 720 ஹெர்ட்ஸைச் சுற்றி எழும் அந்த நடுமேடு ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் ஒரே முத்திரையாகப் பதிந்திருக்கிறது. ஒரே உரையாசிரியரை எல்லோரும் படித்தால் எல்லோரும் ஒரே பொருளைத்தான் சொல்வார்கள். பெடல் இரைச்சலையும் கூட்டும்; அதை அடக்க இன்னொரு பெடல் தேவைப்படும். மேலும், தளர்ச்சி எப்போதும் முன்பெருக்கியிலிருந்தே வருவதில்லை. மின்வழங்கியின் தொய்வு, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர், பின்புறம் திறந்த ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றிலிருந்தும் அது வரலாம். டூயல் ரெக்டிஃபயருக்கு அந்தப் பெயர் வந்ததே, வால்வு வழியாகவா சிலிக்கான் டயோடு வழியாகவா மின்சாரத்தை நேராக்குவது என்று தேர்ந்துகொள்ளும் வசதியால்தான். டயோடு பக்கம் இறுக்கமானது. இந்த வகைத் தளர்ச்சியைப் பெடல் ஓரளவுக்குத்தான் சரிசெய்யும்.

இறுக்கமே எல்லா இசைக்கும் அணிகலன் என்பதும் இல்லை. ஸ்வீடனின் என்டூம்ட் குழு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பம், பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடலின் குமிழ்களையெல்லாம் உச்சத்துக்குத் திருகி எழுந்த ஒலிக்குப் பெயர்போனது. மரம் அறுக்கும் இயந்திரம்போல் அது கிழிகிறது. கறாரான காதுக்குக் குற்றமாகத் தோன்றக்கூடிய அந்த ஒலியே ஒரு தேசத்தின் டெத் மெட்டலுக்கு அடையாளமாயிற்று. அதைத் தந்ததும் ஒரு பெடல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இறுக்கமா தளர்ச்சியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை இழக்காமல் இருப்பதே முதன்மையானது. ஆம்ப்ளிஃபயருக்குள் கீழ்ஸ்தாயியை நிரந்தரமாக வெட்டியவர் அந்த உரிமையைத் தாமே துறந்தவர்.

இரு கட்சிகளும் சந்திக்கும் இடம் ஒன்றும் உண்டு. மார்ஷலை இழந்த ஹெட்ஃபீல்ட் 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்துக்குப் பயன்படுத்தியது மேசா பூகியின் மார்க் டூ-சி பிளஸ். அந்த வரிசை ஆம்ப்ளிஃபயர்களில் 'பாஸ்' குமிழ் சிதைவுக்கு முன்னால் இருக்கிறது. ஐந்து பட்டை ஈக்வலைசர் சிதைவுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் ஏறக்குறைய முழுதாகக் குறைத்துவிட்டுப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். பெடல் சொல்லும் பாடத்தையே ஆம்ப்ளிஃபயரின் வடிவமைப்பாளர் முகப்பில் குமிழ்களாக வைத்துவிட்டார். கீழ்ஸ்தாயியை உள்ளே புதைத்து வெட்டாமல், வாசிப்பவரின் கைக்கு எட்டும்படி வைத்ததே அதன் மேன்மை.

கணினி யுகத்திலும் நிலைமை மாறவில்லை. இன்று பலர் வால்வே இல்லாமல், ஆம்ப்ளிஃபயரைப் போலி செய்யும் மென்பொருளில் வாசிக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் மின்சுற்றின் குணங்களைத் திரையிலேயே மாற்றலாம். ஈயம் பற்றவைக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இருந்தும், அந்தத் திரையிலும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு பச்சைப் பெடலின் படம் வந்து நிற்கிறது. மூலத்தைத் திருத்துவது இலவசமாகிவிட்ட பிறகும் மனிதர்கள் உரையைத் தேடுகிறார்கள்.

ஆகவே, இறுக்கம் தேடுகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் கை: உள்ளங்கையின் அழுத்தமும் மீட்டும் வில்லையின் தடிமனும் மாற்றும் அளவுக்கு எந்த மின்தேக்கியும் மாற்றாது. அடுத்து, ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தையே சற்றுக் குறைத்துப் பார்த்தல். பெரும்பாலோர் தேவைக்கு மிஞ்சிய சிதைவில் வாசித்துவிட்டுத் தளர்ச்சியைக் குறை சொல்கிறார்கள். அதன் பிறகு பெடல். பச்சைப் பெடலின் நடுமேடு பிடிக்கவில்லையென்றால் ஈக்வலைசர் பெடலை வைத்து, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே எவ்வளவு குறைத்தால் தமக்கு நிறைவாக இருக்கிறது என்று சில மாதங்கள் கேட்டுப் பழக வேண்டும். இதுவே நாங்கள் சொன்ன பாடம். எதை வேண்டுகிறோம் என்பதை எண்ணால் சொல்லத் தெரிந்தவரே பிறகு ஒரு தொழில்நுட்பரிடம் போய், 'இந்த இடத்தில் இந்த அளவு' என்று கேட்க முடியும். தெரியாதவர் 'கொஞ்சம் இறுக்கமாக்கிக் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு, வேறொருவரின் காதுக்குப் பிடித்த ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அந்நிலைக்கு வந்தவர்களுக்கும் இரண்டு எல்லைகள். ஆயிரக்கணக்கில் இன்றும் உற்பத்தியாகும் மாதிரி என்றால் தாராளமாகத் திறக்கலாம். ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கடந்து தொழிற்சாலையில் பற்றவைத்த ஈயத்தோடே நிற்கும் ஒன்றைத் தொடக்கூடாது. அது ஒருவரின் உடைமை மட்டுமல்ல, ஒரு காலத்தின் ஆவணமும்கூட. திறந்தாலும், ஒரு நேரத்தில் ஓர் உறுப்பு மட்டும். கழற்றியதை ஓர் உறையிலிட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். இதையும் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகள் உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பழைய ஆம்ப்ளிஃபயரை இன்று வைத்திருப்பவர் அதன் கடைசி வாசகர் அல்லர். அவருக்குப் பின் அதில் வாசிக்கப்போகிறவருக்கு வேறு காது, வேறு இசை, வேறு தேவை இருக்கும். பெடலைக் கழற்றிவிட்டால் அவருக்கு ஆம்ப்ளிஃபயர் முழுதாகக் கிடைக்கிறது. மாற்றப்பட்ட ஆம்ப்ளிஃபயரில் அவருக்குக் கிடைப்பது முன்னவரின் தீர்ப்பு மட்டுமே. தீர்ப்பு எவ்வளவு நல்லதானாலும், வழக்கைத் தாமே கேட்டு முடிவு செய்யும் வாய்ப்பை அவருக்கு விட்டுவைப்பது நம் கடமை என்று நினைக்கிறோம்.